அளந்தவன் அஞ்சமாட்டான்

“சிமெண்ட் விலை ஏறிப்போச்சு. ஆள் கிடைக்கலை. எம்-சாண்ட் லோடு வரலை. பில் பாஸாகலை. பெரிய கம்பெனிக்காரன் நம்ம ஊருக்கே வந்துட்டான்.”

நாலு காண்டிராக்டர்கள் கூடும் எந்த டீக்கடையிலும் இந்த ஐந்து வரிகளும் காதில் விழும். ஐந்தும் உண்மை. ஒன்றைக்கூட நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் ஒரு கேள்வி. அதே கடையில் சிமெண்ட் வாங்கி, அதே முச்சந்தியில் நிற்கும் ஆட்களைக் கூப்பிட்டு, அதே ஐப்பசி மழையில் நனைந்து, உங்கள் ஊரிலேயே ஒருவர் வருடத்துக்கு வருடம் வளர்கிறாரே, அவருக்கு மட்டும் விலைவாசி சலுகை கொடுத்துவிட்டதா?

இல்லை. அவர் அளக்கிறார். நீங்கள் உத்தேசமாகப் போகிறீர்கள்.

கோபம் வருகிறதா? வரட்டும். உள்ளூர்க் காண்டிராக்டர் ஏன் எழவில்லை என்று கேட்டால் பணம், ஆள், பொருள், நிர்வாகம், அனுபவம், வேலை கொடுப்பவர் என்று ஒரு பட்டியல் வரும். அதில் பாதி உங்கள் கையில் இல்லை. மீதிப் பாதி முழுக்க முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது. அந்தப் பாதியைப் பிடித்தவன்தான் மேலே போயிருக்கிறான்.

கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று பத்து முறை சொன்னால் தன்னம்பிக்கை வந்துவிடும் என்பார்கள். கட்டுமானத் தொழிலில் அது செல்லாது. தன் செலவு பைசா சுத்தமாகத் தெரிந்தவனுக்கு ரேட் பேசும்போது குரல் நடுங்காது. தன் காங்கிரீட்டின் பலம் தெரிந்தவனுக்கு இன்ஜினியர் வந்து நின்றால் வயிற்றைக் கலக்காது. கூலி பாக்கி வைக்காதவனுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் பயமில்லை. உங்கள் தொழிலில் தைரியம் டேப்பிலிருந்தும் நோட்டிலிருந்தும்தான் பிறக்கும்.

நீங்கள் யார் வழி வந்தவர்?

‘நான் சின்ன ஆள்’ என்ற பேச்சை முதலில் நிறுத்துங்கள்.

சென்னை உயர் நீதிமன்றம் 1892-ல் திறக்கப்பட்டது. வரைபடம் போட்ட வெள்ளைக்காரர்களின் பெயரைப் புத்தகங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதைக் கட்டி நிறுத்தியவர் சென்னைக் காண்டிராக்டர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. விக்டோரியா பப்ளிக் ஹாலும் அவர் கைவேலைதான். எழும்பூர் ரயில் நிலையம் 1908-ல் திறக்கப்பட்டது. கட்டியவர் பெங்களூர்க் காண்டிராக்டர் சாமிநாத பிள்ளை. 1909-ல் தொடங்கி 1913-ல் திறந்த ரிப்பன் மாளிகையைக் கட்டியவர் லோகநாத முதலியார். மொத்தச் செலவு 7.5 லட்சம், அதில் 5.5 லட்சம் அவருக்குப் போனது.

மூவருக்கும் ரெடிமிக்ஸ் லாரி கிடையாது. ஜே.சி.பி. கிடையாது. கையில் செல்போன் கிடையாது. எஜமானன் வேறு மொழிக்காரன், வேறு நாட்டுக்காரன், கையில் அதிகாரம் வைத்திருந்தவன். அப்படிப்பட்ட ஆளிடம் எஸ்டிமேட் கொடுத்து, அளவு காட்டி, பில் வாங்கிக் கட்டிய கட்டடங்கள் நூறு வருடத்துக்கு மேலாக நிற்கின்றன. அவர்கள் உள்ளூர்க் காண்டிராக்டர்கள். நீங்களும் உள்ளூர்க் காண்டிராக்டர்தான்.

பெரிய கம்பெனியைப் பார்த்து மலைக்கிறீர்களா? எல் அண்ட் டி 1938-ல் பம்பாயில் ஹோல்க்-லார்சன், டூப்ரோ என்ற இரண்டு டேனிஷ் இன்ஜினியர்கள் தொடங்கியது. அவர்களின் முதல் அலுவலகத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். அவ்வளவு சின்ன அறை. இன்று அதன் கட்டுமானப் பிரிவின் தலைமையகம் சென்னை மணப்பாக்கத்தில் பரந்து கிடக்கிறது. சின்னதாகத் தொடங்குவது குற்றமில்லை. தொடங்கிய இடத்திலேயே உட்கார்ந்து பெரியவனைத் திட்டுவதுதான் குற்றம்.

மேஸ்திரியைத் தாண்டி வாருங்கள்

உங்களில் பெரும்பாலோர் கரண்டி பிடித்து வந்தவர்கள். சித்தாளாக நின்று, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, பிறகு காண்டிராக்டர் என்று போர்டு மாட்டியவர்கள். தூக்குக்குண்டு போடாமலே சுவர் சாய்ந்திருப்பதைச் சொல்லும் கண் உங்களுக்கு உண்டு. எந்தக் கல்லூரியும் அந்தக் கண்ணைக் கொடுக்காது.

ஆனால் மேஸ்திரி வேலை வேறு, காண்டிராக்டர் வேலை வேறு. மேஸ்திரி சுவரைப் பார்க்கிறார். காண்டிராக்டர் சுவரையும் பார்க்க வேண்டும், அடுத்த வாரம் வரவேண்டிய கம்பியையும் பார்க்க வேண்டும், அதற்கடுத்த மாதம் வரவேண்டிய பணத்தையும் பார்க்க வேண்டும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? காலை ஆறு மணிக்கு ஆளை ஏற்றிவிடுவதும் நீங்கள், ஜல்லிக்குப் போன் போடுவதும் நீங்கள், தண்ணீர் லாரிக்காரரிடம் சண்டை போடுவதும் நீங்கள். எல்லாம் உங்கள் தலைக்குள் இருக்கிறது. ஒரு வரிகூடத் தாளில் இல்லை. உங்களுக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தால் நாலு சைட்டும் படுத்துவிடுகிறது. அப்படியானால் நீங்கள் இன்னும் நிறுவனம் நடத்தவில்லை. ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். அவ்வளவுதான்.

ஒரு சூப்பர்வைசரை வையுங்கள். கணக்கு எழுத ஒரு பிள்ளையை வையுங்கள். படித்த மகளோ மருமகளோ வீட்டில் இருந்தால் இன்றைக்கே நோட்டை அவர் கையில் கொடுங்கள். ‘சம்பளம் கொடுக்க முடியாதே’ என்கிறீர்களா? கணக்கில்லாமல் மாதாமாதம் கைநழுவிப் போகும் பணம் அந்தச் சம்பளத்தைவிட அதிகம்.

சதுர அடிக்குள் ஒளிந்திருக்கும் குழி

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,200 சதுர அடி வீடு. மெட்டீரியலோடு சதுர அடி 2,300 ரூபாய் என்று பேசுகிறீர்கள். மொத்தம் 27,60,000. அதில் உங்கள் லாபம் 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 2,20,800 ரூபாய். வீட்டுக்காரர் தலையைச் சொறிகிறார். “பக்கத்துத் தெருக்காரர் 2,200-க்கு வர்றேங்கிறாரே” என்கிறார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் “சரிங்க, உங்களுக்காக” என்று நூறு ரூபாயைக் குறைக்கிறீர்கள்.

குறைத்தது நூறு ரூபாயா? இல்லை. 1,20,000 ரூபாய். உங்கள் லாபத்தில் பாதிக்கு மேல் ஒரே வார்த்தையில் போய்விட்டது. சாரம் கட்டும்போது ஒரு மழை, கம்பி விலையில் ஒரு ஏற்றம், அவ்வளவுதான், மீதியும் போயிற்று.

தன் செலவு தெரிந்தவர் அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பார்? “ஐயா, இந்த வீட்டுக்கு எனக்கு அடக்கம் இவ்வளவு. 2,200-க்குக் கட்டினால் எங்கேயாவது குறைக்கணும். நான் குறைக்கமாட்டேன். வேண்டாம்னா விட்டுடலாம்.” இந்த ‘வேண்டாம்’ இருக்கிறதே, அதுதான் தன்னம்பிக்கை. ஆழம் தெரியாமல் காலை விடாதவன் சொல்லும் சொல் அது. கட்டுப்படியாகாத வேலையைத் தள்ளத் தெரியாதவனுக்குக் கட்டுப்படியாகும் வேலை கைக்கு வரும்போது கையில் பணமும் இருக்காது, ஆளும் இருக்காது.

இன்னொரு குழி இதைவிட ஆழம். இந்த சைட் அட்வான்ஸை எடுத்து அந்த சைட் கம்பிக்குக் கொடுப்பது. அந்த சைட் பணத்தை எடுத்து மூன்றாவது சைட் கூலிக்குக் கொடுப்பது. புது அட்வான்ஸ் வந்துகொண்டே இருக்கும் வரை வண்டி ஓடும். வேலை பெருகுகிறது, ஊரில் பெயர் பரவுகிறது, நீங்களும் வளர்கிறோம் என்றே நம்புகிறீர்கள். உண்மையில் நஷ்டம் ஒவ்வொரு சைட்டிலும் ஒளிந்து ஒளிந்து சேர்கிறது. ஒரே ஒரு மாதம் புது வேலை வரவில்லை என்றால் நாலு சைட்டும் ஒன்றாக நிற்கும், நாலு வீட்டுக்காரரும் ஒன்றாக வாசலில் நிற்பார்கள். இப்படி விழுந்தவர்களில் எத்தனையோ பேர் நல்லவர்கள், வேலை தெரிந்தவர்கள். சைட்டுக்கு ஒரு நோட்டு, சைட்டுக்கு ஒரு கணக்கு வைக்கவில்லை. அது ஒன்றுதான் குறை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது உங்களுக்குத்தான். லோடு இறங்கியதும் அளக்கிறீர்களா? 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று சுமார் 10.67 கிலோ இருக்க வேண்டும். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் எந்தக் கம்பிக்கும் மீட்டர் எடை வந்துவிடும். செல்போனில் பத்து விநாடி வேலை. எடைமேடைச் சீட்டையும் கம்பி எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு 4 டன் கம்பி என்றால் 3 சதவீதம் குறைந்தாலே 120 கிலோ காற்றில் போகிறது. சாண்ட் லாரியிலும் அப்படித்தான். டேப்பைப் பிடித்து நீளம், அகலம், உயரம் பாருங்கள். டிரைவர் முறைப்பார். முறைக்கட்டும். அடுத்த லோடு சரியாக வரும்.

தளம் போடும் நாள்தான் உங்கள் பரீட்சை

வீட்டைக் கட்டிப் பார் என்றது வீட்டுக்காரருக்கு மட்டும் சொன்ன பழமொழியா? தளம் போடும் நாளில் பாருங்கள். மிக்சர் உறுமுகிறது, வரிசையாக ஆட்கள் சட்டி மாற்றுகிறார்கள், மேலே வைப்ரேட்டர் ஓடுகிறது. மதிய வெயிலில் கலவை இறுகத் தொடங்குகிறது. “அண்ணே, கலவை ஓடலை, ஒரு வாளி ஊத்தவா?” என்று கீழேயிருந்து குரல் வருகிறது. அந்த ஒரு விநாடியில் உங்கள் நிறுவனத்தின் தரம் தீர்மானமாகிறது.

எம்20 கம்பிக் காங்கிரீட்டுக்குத் தண்ணீர், சிமெண்ட் எடையில் 0.55 பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456 விதிநூல். அதுவும் காற்றிலும் மண்ணிலும் பெரிய பாதிப்பு இல்லாத இடத்தில். கடலோரம் என்றால் வரம்பு இன்னும் இறுகும். 50 கிலோ மூட்டைக்கு 27.5 லிட்டர், மணலில் இருக்கும் ஈரமும் அதற்குள் அடக்கம். அதற்கு மேல் ஒரு 10 லிட்டர் வாளியைக் கவிழ்த்தால் கலவை வழுக்கிக்கொண்டு ஓடும், ஆட்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போவார்கள், தளத்தின் பலமும் அவர்களோடு சேர்ந்து கிளம்பிவிடும். இதுவரை வாளி கணக்கில்லாமல் ஊற்றியிருந்தால் அடுத்த தளத்திலிருந்து ஊற்றாதீர்கள். அளவு டின் ஒன்றை மிக்சர் பக்கத்தில் வையுங்கள். “அதுக்கு மேல ஒரு சொட்டுக் கூடாது” என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள்.

பிறகு தண்ணீர் கட்டுவது. இன்று பெரும்பாலும் நம் கைக்கு வருவது பி.பி.சி. சிமெண்ட். அதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காய விடக்கூடாது. 14 நாள் வரை நீட்டினால் நல்லது என்கிறது அதே விதிநூல். மூன்றாம் நாளே சாக்கு காய்ந்து கிடக்கும் தளங்களை நம் ஊர்களில் நான் சொல்லித்தான் நீங்கள் பார்க்க வேண்டுமா? 15 சென்டிமீட்டர் கியூப் மூன்றை வார்த்து 28-ஆம் நாள் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி லேபில் உடைத்துப் பாருங்கள். அந்த ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். உங்கள் ஊரில் எத்தனை காண்டிராக்டர்கள் கேட்காமலே இதைச் செய்கிறார்கள்? ஒருவரும் இல்லையென்றால் அந்த முதல் ஆள் நீங்களாக இருங்கள்.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அடுக்குமாடி விற்பவர் 5 வருடத்துக்குள் வரும் கட்டுமானக் குறைகளை 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும் என்கிறது. தனி வீடு கட்டித்தரும் உங்களை அந்தச் சட்டம் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன? நீங்களாகவே எழுதிக்கொடுங்கள். 2,200 ரூபாய்க்காரரால் அந்தக் கடிதத்தைக் கொடுக்க முடியாது. நூறு ரூபாய் கூடுதலுக்கு அதுதான் உங்கள் பதில்.

தரத்தில் விளையாட்டுக் கூடாது. 2014 ஜூன் 28-ஆம் தேதி மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் போயின. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தையும் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்தவர்கள், உங்கள் சைட்டில் நிற்பவர்களைப் போன்றவர்கள். லாபம் போனால் அடுத்த வேலையில் பிடிக்கலாம். உயிர் போனால் எதில் பிடிப்பீர்கள்?

ஆளை நிறுத்தும் வித்தை

‘ஆள் நிற்கமாட்டேங்கிறான்’ என்கிறீர்கள். நிற்க என்ன வைத்திருக்கிறீர்கள்? சனிக்கிழமை ஐந்து மணிக்குச் சம்பளம் என்றால் ஐந்து மணிக்குக் கையில் இருக்க வேண்டும். “திங்கக்கிழமை வாங்கிக்கோ” என்று இரண்டு முறை சொன்ன காண்டிராக்டரிடம் நல்ல கொத்தனார் நிற்கமாட்டார். போக்கிடம் இல்லாதவர்தான் நிற்பார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவருக்குத் தங்க நல்ல கொட்டகை, கழிப்பறை, குடிதண்ணீர் கொடுங்கள். ஊருக்குப் போனவர் திரும்பும்போது தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருவார்.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. பிள்ளை படிப்புக்கும் கல்யாணத்துக்கும் உதவி, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு நிதி, வயதானபின் ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. உங்கள் சித்தாள்களில் எத்தனை பேருக்கு அட்டை இருக்கிறது? ஒரு நாள் உட்கார்ந்து அத்தனை பேரையும் பதிவு செய்துவிடுங்கள். ஹெல்மெட் வாங்கிக்கொடுங்கள், கொடுத்தால் போதாது, போடவும் வையுங்கள். நீங்கள் முதலில் போட்டால் அவர்கள் தானாகப் போடுவார்கள்.

தாளில் இல்லாதது பேச்சில் இல்லை

வீட்டுக்காரர் சைட்டுக்கு வருகிறார். “இந்த ஜன்னலைக் கொஞ்சம் பெருசாக்கிடுங்க, மாடிப்படிக்குக் கீழே ஒரு டாய்லெட் போட்டுடுங்க.” நீங்கள் தலையாட்டுகிறீர்கள். கடைசிக் கணக்கில் அதைக் கேட்டால், “அது பேசினதுலயே வரும்னு நினைச்சேன்” என்கிறார். யார் மேல் தவறு? தலையாட்டியவர் மேல்தான். எக்ஸ்ட்ரா வேலை என்று அன்றைக்கே அளவும் தொகையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பி ‘ஓகே’ வாங்கினாலும் ஒன்றுமில்லாததற்கு மேல். பேஸ்மட்டம் முடிந்தால் எவ்வளவு, லிண்டல் முடிந்தால் எவ்வளவு, தளம் முடிந்தால் எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதுங்கள். பணம் தாமதமானால் வேலை எத்தனை நாள் தள்ளிப்போகும் என்பதையும் எழுதுங்கள்.

பில் இழுத்தடிப்பு நம் தொழிலின் பெரிய சாபம். சிறுதொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி தரவேண்டும் என்கிறது. பொருளும் கூலியும் கலந்த கட்டட ஒப்பந்தத்துக்கு அது பொருந்துமா என்பதில் நீதிமன்றங்களில் வாதம் நடந்திருக்கிறது. ஆகவே ஒரு வக்கீலைப் பார்த்து, உங்கள் ஒப்பந்தத்திலேயே காலக்கெடுவையும் வட்டியையும் எழுதிவிடுங்கள். உத்யம் பதிவு வைத்திருங்கள். உங்களுக்குப் பணம் கொடுக்கும் நிறுவனங்கள் 1 சதவீத வரி பிடிக்கின்றனவே, ரிட்டர்ன் போட்டு அதைக் கணக்கில் கொண்டுவாருங்கள். ரிட்டர்ன் இருந்தால் வங்கி மேனேஜர் உட்காரச் சொல்வார். இல்லாவிட்டால் கந்துவட்டிக்காரர்தான் உட்காரச் சொல்வார்.

அரசு வேலை எடுக்க ஆசையா? 1998-லேயே தமிழ்நாட்டில் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்துவிட்டது. இன்று டெண்டர் ஆன்லைனில் கிடக்கிறது. அந்தப் படிவம் உங்களிடம் என்ன கேட்கிறது? வருட விற்றுமுதல் எவ்வளவு, இதே மாதிரி வேலை முடித்த சான்றிதழ் உண்டா, பதிவு எந்த வகுப்பு, வங்கிச் சான்று எங்கே. நீங்கள் முப்பது வீடு கட்டியிருக்கலாம். ஒன்றுக்கும் தாள் இல்லையென்றால் அந்தப் படிவத்தின் முன் நீங்கள் நேற்றுப் பிறந்தவர். இன்று கட்டும் வீட்டுக்கே முடிவுச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள்.

இந்த வாரமே தொடங்குங்கள்

நல்ல நாள் பார்க்கவேண்டாம். அடுத்த வேலை வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் சைட்டுகளின் பெயரை ஒவ்வொரு நோட்டின் மேல் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் வந்த பணம், போன பணம், இன்னும் தேவைப்படும் பணம் என்று மூன்று வரி போடுங்கள். கூட்டிப் பாருங்கள். துண்டு விழுகிறதா? பயப்படாதீர்கள், விழட்டும். இருட்டில் கிடந்த நஷ்டம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. இனி அதை அடைக்கலாம். அந்த நோட்டை வைத்து அடுத்த கொட்டேஷனைப் போடுங்கள். அதில் வரும் ரேட்டை ஒரு ரூபாய் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.

முதல் ஆள் எழுந்து போவார். போகட்டும். இரண்டாம் ஆளும் போகலாம். மூன்றாம் ஆள் உங்கள் கியூப் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்ப்பார், போன வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேட்பார், திரும்பி வந்து அட்வான்ஸ் வைப்பார். அன்றைக்கு நீங்கள் கையேந்தி வாங்கிய வேலையாக அது இருக்காது. நீங்கள் தேர்ந்தெடுத்த வேலையாக இருக்கும்.

சிமெண்ட் விலை இனியும் ஏறும். மழை இனியும் பெய்யும். பெரிய கம்பெனிகள் இனியும் வரும். வரட்டும்! உங்கள் கையில் டேப் இருக்கிறது, நோட்டு இருக்கிறது, கரண்டி பிடித்த வருடங்கள் இருக்கின்றன. எழுந்து அளக்கத் தொடங்குங்கள். உங்கள் ஊரில் அடுத்து எழும்பும் பள்ளிக்கூடத்தின், ஆஸ்பத்திரியின், பாலத்தின் கல்வெட்டில் கட்டியவர் என்ற இடத்தில் வெளியூர்ப் பெயர் எதற்கு? உங்கள் பெயர் இருக்கட்டும்!